லொரெட்டா லின்னும் அவரைக் கேட்க வந்தவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கன்ட்ரி இசையில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் லொரெட்டா லின். அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு குரலில் தொடங்கி, அவருக்கு எதிரே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் போய் நின்றுவிடும். அந்தப் பெண்களை விட்டுவிட்டு அவருடைய பாட்டைப் புரிந்துகொள்ள முடியாது என்றே நினைக்கிறேன். பலர் பல நேரங்களில் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

லொரெட்டா லின் யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1932 ஏப்ரல் 14 அன்று கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில், புட்சர் ஹாலர் என்ற சிற்றூரில் பிறந்தார். ஹாலர் என்றால் இரு மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஒடுங்கிய பள்ளத்தாக்கு. எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவர். தந்தை டெட் வெப், வான் லியர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1948 ஜனவரியில், 15 வயதில், லொரெட்டாவுக்கு ஆலிவர் லின்னுடன் திருமணம் நடந்தது. ஊரார் அவரை டூலிட்டில் என்று அழைத்தார்கள், லொரெட்டாவுக்கு அவர் 'டூ'. இருவரும் நாட்டின் மறுகோடியில், வாஷிங்டன் மாநிலத்துக் கஸ்டர் என்ற ஊரில் போய்க் குடியேறினார்கள். இருபதை ஒட்டிய வயதிலேயே அவருக்கு நான்கு குழந்தைகள். பிற்பாடு இரட்டைப் பெண்கள் பிறந்து, மொத்தம் ஆறு.

1953இல் டூலிட்டில் 17 டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்தார். யாரிடமும் போய்க் கற்காமல் தானாகவே வாசிக்கப் பழகினார் லொரெட்டா. 1972இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் 'ஆண்டின் சிறந்த கலைஞர்' விருதைப் பெற்ற முதல் பெண் இவர்தான். 2022 அக்டோபர் 4 அன்று, 90 வயதில், டென்னசியில் ஹரிகேன் மில்ஸ் என்ற ஊரிலிருந்த தம் வீட்டில் காலமானார்.

கன்ட்ரி இசை என்பது நாட்டுப்புற இசைதானே?

பெயரை வைத்து அப்படித்தான் தோன்றும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நாட்டுப்புறப் பாட்டுக்கு இன்னார்தான் ஆசிரியர் என்று சொல்ல முடியாது. நடவிலும் களத்திலும் இழவு வீட்டிலும் வாய்வழியாக வளர்வது அது. கன்ட்ரி இசையோ 1920களில் இசைத்தட்டும் வானொலியும் வளர்த்தெடுத்த தொழில்முறை இசை. அதன் வேரில் மலைநாட்டுக் கதைப்பாடல்கள், தேவாலயப் பாட்டு, கறுப்பின மக்களின் புளூஸ் எல்லாம் கலந்திருக்கின்றன. எழுதியவர் பெயர் உண்டு, பதிவு நிறுவனம் உண்டு, விற்பனைப் பட்டியலும் உண்டு. பிடிலும் ஸ்டீல் கிட்டாரும் அதன் அடையாளங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நம் நாட்டுப்புறப் பாட்டோடு அது ஒட்டிக்கொள்கிறது. சோற்றையும் கடனையும் குடிகாரப் புருஷனையும் மறைக்காமல் சொல்லும்.

எத்தனையோ பாடகிகள் இருக்கும்போது, கூட்டத்தோடு உறவு என்றதும் ஏன் இவரையே சொல்கிறீர்கள்?

ஒரு சம்பவம் சொன்னால் விளங்கும். லொரெட்டாவே பலமுறை சொன்ன கதை இது.

1960களின் நடுப்பகுதி. ஓர் ஊரில் நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் ஒரு பெண் மேடைக்குப் பின்புறம் வந்து அவரைப் பார்க்கிறார். கண்ணில் நீர். கணவனும் நிகழ்ச்சிக்கு வந்திருக்கிறான், ஆனால் இவரோடு வரவில்லை, வேறொருத்தியை அழைத்துவந்து முன்னால் உட்கார வைத்திருக்கிறான் என்கிறார். லொரெட்டா திரையை விலக்கி அந்த மற்றவளை ஒரு பார்வை பார்க்கிறார். திரும்பி வந்து, 'உன் புருஷனைப் பறித்துக்கொள்கிற அளவுக்கு அவள் ஒன்றும் பெரிய பெண் இல்லை' என்கிற பொருளில் ஒரு வார்த்தை சொல்கிறார். சொன்ன வார்த்தையே பாட்டின் முதல் வரியாகத் தோன்ற, ஒப்பனை அறைக்குள் போய்ச் சில நிமிடங்களில் முழுப் பாட்டையும் எழுதி முடிக்கிறார். 1966இல் 'யூ எய்ன்ட் உமன் இனஃப்' என்ற தலைப்பில் வெளிவந்த அந்தப் பாடல் கன்ட்ரி பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது.

இதில் என்னைத் தொடுவது பாட்டு பிறந்த வேகம் அல்ல. முன்பின் அறியாத ஒரு பெண், தன் வீட்டு அவமானத்தைத் தூக்கிக்கொண்டு, மேடையேறப் போகும் ஒரு பாடகியிடம் வந்தாரே, அதுதான். தாயிடமும் அக்காவிடமும் சொல்லத் தயங்குவதை இவரிடம் சொல்லலாம் என்று அவருக்கு எப்படித் தோன்றியது? முன்பு கேட்ட பாட்டுகளில் தன் வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். அவர் கொண்டுவந்த துயரம் பாட்டாகி, அவரைப் போன்ற பல பெண்களிடம் போய்ச் சேர்ந்தது. லொரெட்டா கூட்டத்துக்குப் பாடியதைப் போலவே கூட்டத்தைக் கேட்கவும் செய்தார். நான் சொல்ல வருவதெல்லாம் இந்த ஒன்றைத்தான்.

அந்தக் காலத்தில் ஒரு பெண் பாடகியை மட்டும் நம்பிக் கச்சேரி நடத்தினார்களா?

பெரும்பாலும் இல்லை. பெண் பெயரைப் போட்டால் டிக்கெட் விற்காது என்பது நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களின் அசையாத நம்பிக்கை. ஆண் நட்சத்திரத்தின் குழுவில் ஒரு பெண் வந்து இரண்டு பாட்டுப் பாடிவிட்டுப் போவார், அவ்வளவுதான். 1952இல் கிட்டி வெல்ஸ் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் தனிப் பாடகி ஆனார். பெண் கெட்டுப்போனதற்கு ஆணும் பொறுப்பு என்று வாதாடிய பாட்டு அது. கேட்பவர்களில் பாதிப் பேர் பெண்கள், அவர்களுக்கென்று சொல்ல வேண்டியது ஏராளமாக இருக்கிறது என்று அன்றே தொழில் புரிந்துகொண்டிருக்கலாம். புரிந்துகொள்ள வெகுகாலம் பிடித்தது.

அவர் பிறவியிலேயே மேடைக் கூச்சம் இல்லாதவரா?

நேர்மாறு. வீட்டில் குழந்தைகளைத் தூங்க வைக்கப் பாடிக்கொண்டிருந்தவரை மேடைக்குத் தள்ளியது டூலிட்டில்தான். கஸ்டரைச் சுற்றியிருந்த விவசாயிகள் கூடும் மன்றத்திலும் சிறு மதுக்கூடங்களிலும் பாட ஆரம்பித்தார். 1960இல் சீரோ ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது. 'ஐ ஆம் எ ஹாங்கி டாங்க் கேர்ள்' என்ற அந்தப் பாட்டை ஒலிபரப்பச் சொல்லிக் கணவனும் மனைவியும் காரிலேயே ஊர் ஊராக வானொலி நிலையங்களுக்குப் போய்க் கதவைத் தட்டினார்கள். பாட்டு 14ஆம் இடம் வரை வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று நாஷ்வில் நகரின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' மேடையில் முதல்முறையாகப் பாடினார். அந்த இரவில் தம் கால் தாளம் தட்டியது மட்டுமே நினைவிருக்கிறது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கிராண்ட் ஓல் ஆப்ரி என்பது என்ன? அதற்கு ஏன் இத்தனை மரியாதை?

1925இல் நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். வானொலியில் தொடங்கிய வாராந்தர நேரடி நிகழ்ச்சி அது. அரங்கில் கூட்டம் கூடியிருக்க, பாட்டு அப்படியே காற்றில் போகும். 1943 முதல் 1974 வரை ரைமன் அரங்கத்தில் நடந்தது. 1892இல் திறக்கப்பட்ட ரைமன் முதலில் மதப் பிரசங்கத்துக்காகக் கட்டிய கூடம், அதனால் நாற்காலிகளுக்குப் பதில் தேவாலய மரப்பலகை இருக்கைகள். ஆப்ரி நடந்த காலத்தில் குளிர்சாதன வசதி கிடையாது. கோடையில் கூட்டம் முழுக்கக் கைவிசிறியை ஆட்டிக்கொண்டிருக்கும். தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்த கூட்டம். கேமராவோடு மேடைக்கு அருகில் நடந்து வந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். பாடகி குனிந்தால் ரசிகரின் முகம் தெரியும்.

1974இல் புதிய அரங்கத்துக்குக் குடிபெயர்ந்தபோது, ரைமன் மேடையின் மரத்தளத்திலிருந்து ஆறடி அகல வட்டம் ஒன்றை வெட்டியெடுத்துப் புதிய மேடையின் நடுவில் பதித்தார்கள். இன்றும் பாடகர்கள் அந்த வட்டத்துக்குள் நின்றுதான் பாடுகிறார்கள்.

பாடகி பேட்சி கிளைனோடு இருந்த நட்பும் ஒரு கூட்டத்தின் நடுவில் தொடங்கியதாமே?

ஆமாம், அதுவும் ஒரு நேரடி ஒலிபரப்பு. 1961 ஜூனில் பேட்சி கிளைன் கார் விபத்தில் படுகாயமடைந்து மருத்துவமனையில் கிடந்தார். அப்போது அவர் பெரிய நட்சத்திரம், லொரெட்டா ஊருக்குப் புதியவர். எர்னஸ்ட் டப் இசைத்தட்டுக் கடையில் ஆப்ரி முடிந்த பிறகு நள்ளிரவில் ஒரு வானொலி நிகழ்ச்சி நடக்கும். அதில் பேட்சியின் 'ஐ ஃபால் டு பீசஸ்' பாட்டை அவருக்கென்றே சொல்லிப் பாடினார் லொரெட்டா. மருத்துவமனையில் படுத்தபடி அதைக் கேட்ட பேட்சி, அந்தப் பெண்ணை அழைத்து வரச் சொன்னார். அன்று தொடங்கிய நட்பு 1963 மார்ச் 5 அன்று விமான விபத்தில் பேட்சி இறக்கும் வரை நீடித்தது. இரண்டு ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை. தம் இரட்டைப் பெண்களில் ஒருத்திக்குப் பேட்சி என்று பெயர் வைத்தார் லொரெட்டா.

பேட்சியிடமும் கூட்டத்தின் மீது அசாதாரணமான பற்று இருந்தது. காயம் முழுதாக ஆறுவதற்கு முன்பே சக்கர நாற்காலியில் ஆப்ரிக்கு வந்து, பாடாமல் நன்றி மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய கடைசி மேடை, கான்சஸ் சிட்டியில், விபத்தில் இறந்த ஒரு வானொலி அறிவிப்பாளரின் குடும்பத்துக்காக நடந்த நிதி நிகழ்ச்சி. உடல் நலமில்லாமல்தான் பாடினார்.

லொரெட்டாவின் கச்சேரியில் உண்மையில் என்ன நடக்கும்?

தரையைத் தொடும் நீளக் கவுன் அணிந்து மேடைக்கு வருவார். கல்யாணப் பெண் போல, அடுக்கடுக்காகச் சரிகையும் மினுக்கும் வைத்துத் தைத்த உடை. ஆனால் வாயைத் திறந்ததும் புட்சர் ஹாலர்தான். நாற்பது ஆண்டு நாஷ்வில் வாழ்க்கையும் அவருடைய மலைநாட்டுப் பேச்சை மாற்றவில்லை. மாற்ற அவர் விரும்பவும் இல்லை.

பாட்டு வரிசையை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு வருகிறவர் அல்லர். இரண்டு மூன்று பாட்டு முடிந்ததும் 'என்ன கேட்கணும், சொல்லுங்கள்' என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார். நான்கு மூலைகளிலிருந்தும் பாட்டுப் பெயர்கள் பறந்து வரும். நம் வானொலியில் நேயர் விருப்பம் என்று ஒன்று உண்டே, அதை அஞ்சலட்டை இல்லாமல் நேருக்கு நேர் நடத்தினால் எப்படியிருக்கும், அப்படி. வாத்தியக்காரர்கள் எந்தப் பாட்டுக்கும் தயாராக நிற்க வேண்டும். அவர்களுக்கு அது பெரும் பாடாக இருந்திருக்கும்.

இது சின்ன ஏற்பாடு என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்தது எது என்று கூட்டம் தீர்மானிக்கும்போது, பாடுகிறவருக்கு ஒரு தகவல் வந்து சேர்கிறது. ஒருவர் ஒரு பாட்டைக் கத்திக் கேட்கிறார் என்றால், அவர் வாழ்க்கையில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. கணவன் குடித்துவிட்டு வீட்டுக்கு வரும் பாட்டைக் கேட்கிற பெண் எதற்காகக் கேட்கிறார் என்று லொரெட்டாவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெண்களை நோக்கியே தாம் பாடுவதாக அவர் வெளிப்படையாகச் சொல்லி வந்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் கிளம்பிவிடமாட்டார். கையெழுத்து வாங்க நிற்கிறவர்கள் தீரும் வரை உட்கார்ந்திருப்பார். பெண்கள் கையெழுத்துக்கு நீட்டும் புகைப்படத்தோடு ஒரு கதையையும் சேர்த்தே கொண்டுவருவார்கள்.

'கோல் மைனர்ஸ் டாட்டர்' பாட்டைக் கேட்டு ஏன் அப்படி அழுகிறார்கள்?

1970இல் வெளிவந்து முதலிடம் பிடித்த பாட்டு. தலைப்பின் பொருள் 'நிலக்கரித் தொழிலாளியின் மகள்'. இதில் உவமை கிடையாது, தத்துவம் கிடையாது. இரவில் சுரங்கத்திலும் பகலில் சோளக் கொல்லையிலும் உழைத்த அப்பா. துணி வெளுக்கும் பலகையில் தேய்த்துத் தேய்த்து விரலில் ரத்தம் கசிந்த அம்மா. வெயிற்காலத்தில் செருப்பு இல்லாத பிள்ளைகள், குளிர்காலத்தில் எப்படியோ வந்துசேரும் ஒரு ஜோடிச் செருப்பு. இன்னும் பல சரணங்கள் எழுதியிருந்தார். நீளம் கருதித் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சிலவற்றை எடுக்கச் சொல்ல, வலியோடு எடுத்தார்.

முதல் வரியிலேயே 'பிறந்தேன்' என்பதற்குப் பள்ளிக்கூட ஆங்கிலத்தின் 'போர்ன்' என்ற சொல்லை விட்டுவிட்டு, மலைநாட்டு வழக்கில் 'போர்ன்ட்' என்று பாடுகிறார். இலக்கணம் ஒப்பாது. ஆனால் அந்த ஒரு சொல்லில் அப்பலாச்சிய மலை மக்கள் தங்கள் வீட்டுப் பேச்சைக் கேட்டார்கள். பேச்சை வைத்தே தங்களைக் கேலி செய்த நாட்டில், அதே பேச்சு மேடையில் பட்டுக் கவுன் அணிந்து நின்றது. அழாமல் என்ன செய்வார்கள்?

தந்தை டெட் வெப் 1959இல் இறந்துவிட்டார். மகளின் முதல் இசைத்தட்டு வருவதற்கு முந்தைய ஆண்டு. அவருடைய உழைப்பைப் பற்றிய பாட்டை அவர் கேட்கவில்லை. அவரைப் போலச் சுரங்கத்தில் இறங்கியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கேட்டார்கள்.

அந்தப் பாட்டு வெளிவந்த அதே ஆண்டின் கடைசியில், டிசம்பர் 30 அன்று, கென்டக்கியின் ஹைடன் ஊருக்கு அருகில் ஒரு சுரங்கம் வெடித்து 38 தொழிலாளர்கள் மாண்டார்கள். அடுத்த ஆண்டு அவர்களுடைய பிள்ளைகளுக்காக லூயிவில் நகரில் நிதி திரட்டும் கச்சேரியை முன்னின்று நடத்தினார் லொரெட்டா. அந்த ஊர்க் கூட்டத்தின் முன் அவருடைய பாட்டு வேறு விதமாக ஒலித்திருக்கும். பாட்டில் வரும் அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தார், கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளின் அப்பாக்கள் வரவில்லை.

கருத்தடை மாத்திரையைப் பற்றிய பாட்டால் ரசிகர்கள் விலகிப் போகவில்லையா?

'தி பில்' 1972இல் பதிவாகி, 1975 வரை வெளியிடப்படாமல் பெட்டிக்குள் இருந்தது. ஆண்டுதோறும் பிள்ளை பெற்றே ஓய்ந்துபோன ஒரு மனைவி, 'இனி நானும் என் வாழ்க்கையைப் பார்க்கப் போகிறேன்' என்று புருஷனிடம் சொல்லும் பாட்டு. வெளிவந்ததும் பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. பிரசங்க மேடைகளில் கண்டனம் எழுந்தது. ஆப்ரியில் ஒரே இரவில் மூன்று முறை அதைப் பாடியதாகவும், பிறகு அங்கே அதைப் பாட விடுவதா என்று கூட்டம் போட்டு விவாதித்ததாகவும் லொரெட்டா நினைவுகூர்ந்திருக்கிறார். இத்தனைக்கும் பிறகு பாட்டு கன்ட்ரி பட்டியலில் ஐந்தாம் இடத்தைத் தொட்டது.

கூட்டம் விலகவில்லை. ஏன் என்று யோசித்தால், இதை ஒரு நகரத்துப் படித்த பெண் பாடியிருந்தால் கதை வேறாகியிருக்கும். இருபதை ஒட்டிய வயதில் நான்கு குழந்தைகளோடு நின்ற ஒருத்தி பாடினார். அவருக்கு அதைச் சொல்ல உரிமை இருக்கிறது என்று அந்தப் பெண்கள் ஒப்புக்கொண்டார்கள். அரசின் துண்டுப் பிரசுரங்கள் செய்யாததைப் பாட்டு செய்தது என்று கிராமத்து மருத்துவர்கள் தம்மிடம் சொன்னதாகவும் லொரெட்டா பேட்டிகளில் குறிப்பிட்டிருக்கிறார்.

தம் கணவரைப் பற்றியே மேடையில் இவ்வளவு பச்சையாகப் பாடினாரா?

பாடினார். டூலிட்டிலின் குடியும் பிற பெண்களோடு இருந்த தொடர்பும் அவர் எழுதிய பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. அவருக்கு முதன்முதலில் முதலிடத்தைத் தந்த 1966ஆம் ஆண்டுப் பாட்டே, குடித்துவிட்டு ஆசையோடு வீட்டுக்கு வராதே என்று கணவனை வாசலில் நிறுத்துவதுதான். 1968இல் வந்த 'ஃபிஸ்ட் சிட்டி', தாம் வெளியூரில் பாடப் போயிருந்த நேரத்தில் டூலிட்டிலைச் சுற்றிவந்த ஒருத்திக்கு விடுத்த எச்சரிக்கை.

ஆனால் 1996இல் டூலிட்டில் இறக்கும் வரை அவரோடுதான் வாழ்ந்தார், 48 ஆண்டுகள். நோயில் கிடந்தபோது கச்சேரிகளைக் குறைத்துக்கொண்டு உடனிருந்தார். இதை முரண் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரங்கில் உட்கார்ந்திருந்த பெண்களில் பலரும் அப்படிப்பட்ட மணவாழ்க்கையில் கோபத்தோடும் அன்போடும் இருந்தவர்கள்தாம். விட்டுவிட்டு வந்துவிடு என்று அவர்களுக்குப் புத்தி சொல்லாமல், பொறுத்துக்கொள் என்றும் சொல்லாமல், உன் கோபம் நியாயமானது என்று மட்டும் சொன்ன குரல் அது.

ரசிகர் மன்றம் இருந்ததா?

இருந்தது, அதுவும் அந்தத் துறைக்கே வழிகாட்டியது. கொலராடோ மாநிலத்தில் ஒரு பண்ணையில் வளர்ந்த ஜான்சன் சகோதரிகள் மூவர், லூடில்லா, லொரெட்டா, கே, 1960களின் தொடக்கத்தில் அதை ஆரம்பித்தார்கள். பிறகு பல கலைஞர்களின் மன்றங்களை இணைத்து ஒரு பன்னாட்டு அமைப்பாகவும் வளர்த்தார்கள். ரசிகர்களும் பாடகர்களும் நேரில் சந்திக்க 1972இல் நாஷ்வில்லில் 'ஃபேன் ஃபேர்' என்ற விழா தொடங்கியது. ஏறத்தாழ 5,000 பேர் வந்த அந்த விழாதான் இன்று நகரையே நிறைக்கும் கோடைத் திருவிழாவாகியிருக்கிறது. பாடகர் ஒரு கடையில் உட்கார்வார், ரசிகர்கள் வரிசையில் வருவார்கள். 1996இல் கார்த் புரூக்ஸ் அங்கே 23 மணி நேரம் தொடர்ந்து நின்று கையெழுத்திட்டார். லொரெட்டா தலைமுறையினர் உண்டாக்கிவைத்த வழக்கத்தின் தொடர்ச்சி அது.

இந்த நெருக்கத்துக்கு அவர் என்ன விலை கொடுத்தார்?

மிக அதிகம். இதைச் சொல்லாமல் விட்டால் நான் உண்மையை மறைத்தவனாவேன்.

1970களில் ஆண்டின் பெரும்பகுதி பஸ்ஸிலேயே கழிந்தது. கடுமையான ஒற்றைத் தலைவலி இருந்தது. களைப்பினால் மேடையிலேயே மயங்கி விழுந்த நாட்களும் உண்டு. தம் பிள்ளைகள் வளர்வதைப் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை என்ற ஏக்கத்தைக் கடைசி வரை சொன்னார். தாய்மையைப் பாடி ஊர்ப் பெண்களைத் தேற்றியவர், சொந்தக் குழந்தைகளிடமிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருந்தார். 1984 ஜூலையில் மூத்த மகன் ஜாக் பென்னி, ஹரிகேன் மில்ஸில் குதிரையோடு ஆற்றைக் கடக்கும்போது மூழ்கி இறந்தார். அப்போது லொரெட்டா கச்சேரிப் பயணத்தின் நடுவே உடல் சோர்ந்து இலினாய்ஸில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். டூலிட்டில் அங்கே போய்ச் செய்தியைச் சொன்னார்.

வீடும் வீடாக இருக்கவில்லை. 1966இல் வாங்கிய ஹரிகேன் மில்ஸ் பண்ணையை ரசிகர்களுக்குத் திறந்துவிட்டார். முகாம், அருங்காட்சியகம், கச்சேரி என்று அது வளர்ந்தது. கூட்டம் பெருகப் பெருக, பெரிய வீட்டைப் பார்வைக்கு விட்டுவிட்டுப் பின்னாலிருந்த சிறிய வீட்டுக்குக் கணவனும் மனைவியும் குடிபோனார்கள்.

இரவுக்கு இரவு ஒரே பாட்டைப் பாடும்போது உணர்ச்சி உண்மையாக இருக்குமா? பழகிப்போன நடிப்பு அல்லவா?

பழக்கம் இருக்கும். அதை மறுப்பதற்கில்லை. எந்த நிமிடத்தில் கூட்டம் சிரிக்கும், எந்த வரியில் அமைதியாகும் என்று ஆயிரம் மேடை கண்டவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் நான் முன்பு சொன்ன நேயர் விருப்பத்தை நினைத்துப் பாருங்கள். பாட்டு பழையது, கேட்கிறவர் புதியவர். நேற்று அதைக் கேட்டது ஒரு விதவை, இன்று கேட்பது கல்யாணமாகி ஒரு வாரமான பெண். யாருக்காகப் பாடுகிறோம் என்பது மாறும்போது பாட்டும் கொஞ்சம் மாறுகிறது. ஒப்பாரி வைக்கிற பாட்டிகளிடம் நாம் பார்த்ததுதான் இது. அடிகள் வழக்கமானவை, அன்றைய சாவு அன்றைய சாவு.

மற்ற பாடகிகளுக்கும் இத்தகைய உறவு இருந்ததா?

டாலி பார்ட்டன் கதை சுவையானது. 1967இல் போர்ட்டர் வாகனர் என்ற கன்ட்ரி பாடகரின் குழுவில் நார்மா ஜீன் என்ற பாடகியின் இடத்துக்கு வந்தபோது, கூட்டம் பழைய பாடகியின் பெயரைச் சொல்லிக் கூவியது. அந்தக் கூட்டத்தை மெல்ல மெல்லத் தன் பக்கம் இழுக்க அவர் பட்ட பாடு பெரிது. ரீபா மக்என்டயர் 1991 மார்ச் 16 அன்று விமான விபத்தில் தம் வாத்தியக் குழுவினர் ஏழு பேரையும் பயண மேலாளரையும் ஒருசேர இழந்தார். அந்த ஆண்டே துயரப் பாட்டுகளாகவே ஓர் ஆல்பம் கொண்டுவந்தார். தத்தம் இழப்போடு வந்தவர்கள் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள்.

கடைசி ஆண்டுகளிலும் மேடை ஏறினாரா?

2017 மே மாதம் பக்கவாதம் வரும் வரை, 85 வயதிலும் பாடிக்கொண்டுதான் இருந்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் இடுப்பு எலும்பும் முறிந்தது. அதோடு பயணங்கள் நின்றன. 2019 ஏப்ரலில் அவருடைய 87ஆம் பிறந்த நாளுக்காக நாஷ்வில்லில் பெரிய கச்சேரி நடந்தபோது, வாழ்நாள் முழுவதும் மேடையில் நின்றவர் கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்து தம் பாட்டுகளைப் பிறர் பாடக் கேட்டார். 2021இல் தமது 50ஆவது ஆல்பத்தை வெளியிட்டார். மறைவுக்குப் பின், 2022 அக்டோபர் 30 அன்று, ஆப்ரி அரங்கிலேயே நினைவு நிகழ்ச்சி நடந்தது.

எனக்கு ஆங்கிலப் பாட்டு பழக்கமில்லை. எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

'கோல் மைனர்ஸ் டாட்டர்' முதலில். சொற்கள் எளியவை, இரண்டாம் முறையே பிடிபடும். அடுத்து 'யூ எய்ன்ட் உமன் இனஃப்', அது பிறந்த கதையை மனத்தில் வைத்துக்கொண்டு. பிறகு, 2004இல் ஜாக் ஒயிட் என்ற இளம் ராக் கலைஞர் தயாரித்த 'வான் லியர் ரோஸ்' ஆல்பம். 72 வயதுக் குரல் அது, கொஞ்சமும் மங்கவில்லை.

இவை காதுக்குப் பழகியபின் அவருடைய மேடைப் பதிவுகளைத் தேடிப் பாருங்கள். அப்போது ஒரு வேலை செய்யுங்கள். பாட்டு தொடங்கும் முன் வரும் சில நொடிகளைத் தள்ளிவிடாமல் கேளுங்கள். முதல் இரண்டு சுரம் காதில் விழுந்ததும், இது எந்தப் பாட்டு என்று கண்டுகொண்ட பெண்களின் குரல் அரங்கின் பின்வரிசையிலிருந்து எழும்.